அச்சு நூலும் மின்னூற் கருவியும்

கல்வி பயில்வார்க்கு இன்றியமையாத கருவிகளுள் தலைசிறந்தது நூலே என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. ஆயினும், நூல் என்னுஞ் சொல்லாற் குறிக்கப்படும் பொருள் யாது என்பதில் இக்காலத்தே கருத்து வேற்றுமை தோன்றியுளது. அச்சிட்டுத் தைத்து அட்டை கட்டிய தாள்களின் தொகுதியே நூல் என்பர் ஒருசாரார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொறியினுள் ஆயிரக்கணக்கிற் பொதிந்து கிடப்பனவும் நூல்களே என்பர் மற்றொரு சாரார். நம் கல்லூரி நூல்நிலையத்திற்கு ஒதுக்கப்பெற்ற சிறு தொகையைக் கொண்டு பாடநூற் படிகள் வாங்குவதா, வாசிப்புக் கருவிகள் வாங்குவதா என்னும் வினா சென்ற ஆண்டு எழுந்தபொழுது, இவ்விரு சாராரும் மாணவர் கூட்டத்தில் நெடுநேரம் வழக்கிட்டனர். அன்று ஆரவாரம் மிகுந்த அளவிற்குச் சான்று மிகவில்லை. ஆதலின், இரண்டின் இயல்புகளையும் நடுவுநிலை பிறழாது ஆராய்ந்து, எதனை எதற்குக் கைக்கொள்ளல் தகும் எனத் தெளிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் பொருளும்

ஆராய்ச்சியிற் புகுமுன் சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். மின்னூல் வேறு, அதனைக் காட்டுங் கருவி வேறு. மின்னூலாவது, எழுத்துக்களை எண்களாக மாற்றிக் கணிப்பொறி அறியுமாறு அமைத்த கோப்பு. கருவியாவது, அக்கோப்பினை மீட்டும் எழுத்துருவில் நம் கண்முன் நிறுத்தும் பொறி. ஒரே மின்னூலைப் பல கருவிகளிற் படிக்கலாம்.

கருவிகளும் இருதிறப்படும். கணிப்பொறி, டேப்லெட், கைத்தொலைபேசி முதலியவற்றின் திரைகள் ஒளியைத் தாமே உமிழ்வன. கிண்டில் முதலிய வாசிப்புக் கருவிகளின் திரைகளோ, தாளைப் போலப் பிறிதோர் ஒளியை வாங்கித் திருப்புவன. இவ்வேறுபாட்டை மறந்து, கைத்தொலைபேசியின் குற்றங்களை யெல்லாம் வாசிப்புக் கருவியின்மேல் ஏற்றுதலும், வாசிப்புக் கருவியின் நலங்களைக் கைத்தொலைபேசிக்கு உரிமையாக்குதலும் வழக்கிடுவோர் பலரிடத்தும் காணப்படும் பிழைகளாம்.

2. நூல் உருமாறிய வரலாறு

நூல் உருமாறுதல் இன்று புதிதாக நேர்ந்ததன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓலை பழுதுறுமுன் அதனைப் பார்த்துப் புத்தோலையிற் பெயர்த்தெழுதுவோர் இருந்த வரையில் நூல் வாழ்ந்தது. அவர் ஒழிந்தவிடத்து நூலும் ஒழிந்தது. அதன்பின் அச்சு வந்தது. 1578-ஆம் ஆண்டில் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிடுவித்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலே இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூலாகும். பின்னர்ச் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவி, 1714, 1715-ஆம் ஆண்டுகளிற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். செருமனி நாட்டு ஆலே நகரினின்று வந்த தமிழெழுத்துக்கள் பருத்தனவாயிருந்து தாளை மிகுதியாக விழுங்கினமையின், சிறிய எழுத்துக்கள் இங்கேயே வார்க்கப்பட்டன. எழுத்தின் அளவு அக்காலத்தே அச்சுக்கூடத்தின் பொருட்செலவைப் பொறுத்திருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

மின்னூலின் வரலாறு அரைநூற்றாண்டிற்குச் சிறிது மேற்பட்டது. 1971-ஆம் ஆண்டு சூலை மாதம் 4-ஆம் நாள், அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆர்ட் என்பார், அந்நாட்டின் விடுதலை அறிக்கையைக் கணிப்பொறியில் தட்டச்சிட்டுப் பிறர்க்கு உதவினார். அதுவே குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம். தமிழில் அத்தகைய பணி 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் பெயரால் தொடங்கிற்று. பல நாடுகளிற் பரவியிருக்கும் தமிழன்பர் ஊதியங் கருதாது பண்டை நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை நோக்கியும் உதவியதன் பயனாக, சங்க நூல்கள் முதற் பிற்கால நூல்கள் ஈறாகப் பலவற்றை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம்.

தாள்போன்ற திரையுடைய கருவியை 2004-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டிற் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2007-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ஆம் நாள் அமெசான் நிறுவனம் வெளியிட்ட கிண்டில் கருவியே இதனைப் பலரும் அறியச் செய்தது. அதன் விலை 399 டாலர். அதனுள் ஏறத்தாழ 200 நூல்கள் அடங்கின. அந்நிறுவனம் தன் விற்பனையில் தமிழ் நூல்களுக்கு இடந்தந்தது 2016-ஆம் ஆண்டிலாம்.

3. கருவி இயங்கும் முறை

வாசிப்புக் கருவியின் திரையில் அமைந்திருப்பது மின்மை எனப்படும். மயிரிழையின் பருமனளவே விட்டமுடைய நுண்குமிழ்கள் பல இலக்கம் அத்திரையிற் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழினுள்ளும் தெளிந்த நீர்மம் ஒன்று நிரம்பியிருக்க, அதில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கும். வெண்துகள்கள் நேர்மின்னும் கருந்துகள்கள் எதிர்மின்னும் ஏற்றப்பெற்றவை. திரையின் அடிப்புறத்தே நேர்மின் செலுத்தினால், ஒத்த மின் ஒன்றையொன்று தள்ளும் இயற்கையால் வெண்துகள்கள் மேலெழுந்து அவ்விடம் வெண்மையாகத் தோன்றும். எதிர்மின் செலுத்தினாற் கருந்துகள்கள் மேலெழுந்து கருமையாகத் தோன்றும். இங்ஙனம் கருமையும் வெண்மையும் அமைந்த புள்ளிகளின் தொகுதியே எழுத்தாக நமக்குப் புலனாகின்றது.

இவ்வமைப்பினின்றும் இரண்டு பயன்கள் விளைகின்றன. ஒன்று, துகள்கள் ஒருமுறை நின்ற நிலையில் மின்னுதவியின்றியே நிற்கும். பக்கத்தை மாற்றும்பொழுதே மின் செலவாம். ஆதலின் ஒருமுறை மின்னேற்றிய கருவி, சாளரத்தருகே பகலொளியிற் படிப்பார்க்குப் பன்னாள் உதவும். மற்றொன்று, கடும் வெயிலில் ஒளியுமிழ் திரைகள் மங்கிப்போக, இத்திரை தாளைப்போலவே தெளிவாக விளங்கும். இருளிற் படிப்பதற்கு இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் திரையின் ஓரத்தினின்றும் எழுத்தின்மேல் ஒளி படருமாறு சிறு விளக்குகளும் அமைத்துள்ளனர்.

4. கருவியின் சிறப்புக்கள்

முதலாவது, சுமையின்மை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் ஒருவர் பெட்டி நிறையச் சுமக்கும் நூல்களை ஒரு சிறு கருவியிற் கொண்டுசெல்லலாம். திருக்குறள் மூலம் முழுவதையும் வெறும் எழுத்துக்களாக வைப்பின், அஃது ஒரு மெகாபைட்டினுள் அடங்கும். இரண்டாவது, தேடுதல். ஒரு சொல் ஒரு நூலில் எங்கெங்கு வந்துளது என அறிதற்கு முன்பு சொல்லடைவு வேண்டும். இன்றேல் நூல் முழுவதையும் துருவுதல் வேண்டும். மின்னூலில் அது நொடிப்பொழுதில் முடியும். மூன்றாவது, அகராதி. பொருள் விளங்காத ஆங்கிலச் சொல்லின்மேல் விரலை வைத்த அளவில் அதன் பொருள் தோன்றும்.

இவை யாவற்றினும் மேலாக யாம் மதிப்பது பிறிதொன்று. எம் வகுப்பிற் கண்பார்வை பெரிதுங் குன்றிய தோழர் ஒருவர் உளர். முதலாண்டில் அவர்க்குப் பாடங்களை யாம் மாறிமாறிப் படித்துக் காட்டினோம். எமக்கு ஓய்வு நேர்ந்தபொழுதே அவர்க்குக் கல்வி. எமக்குத் தேர்வு நெருங்கியபொழுது, உதவி மிகுதியும் வேண்டிய அந்நாளிலேயே அவர் தனித்து விடப்பட்டார். இன்று அவர் எழுத்தைப் பெரிதாக்கி ஒரு பக்கத்திற்கு ஆறு வரியாக வைத்துத் தாமே படிக்கின்றார். கண் சோர்ந்தபொழுது கருவி படிக்கக் கேட்கின்றார். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தார்க்குப் பெருஞ்செலவாய் நின்ற பருத்த எழுத்து இவர்க்கு ஒரு விரலசைவில் வாய்க்கின்றது. "இப்பொழுதுதான் எனக்குப் பிடிக்காத பாடத்தை இரண்டாம் முறை படிக்கின்றேன், முன்பெல்லாம் உங்களைக் கேட்க நாணினேன்" என்று அவர் ஒருநாள் நகைத்துக்கொண்டே கூறியது எம் உள்ளத்தைத் தைத்தது. இத்தகையார்க்கு நூல்களை ஏற்ற வடிவிற் பெயர்த்தளித்தற்குப் பதிப்புரிமை தடையாகாதிருத்தல் வேண்டும் எனக் கருதி, 2013-ஆம் ஆண்டில் மராகேசு நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2014-ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் உறுதிசெய்து ஏற்றது இந்திய நாடே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பழைய நூலின் பக்கங்களைப் படம்பிடித்து வைத்த அளவில் அது முழு மின்னூல் ஆகாது. படத்திலுள்ள எழுத்தைக் கருவி எழுத்தென அறியாது. ஆதலின் அதிற் சொல்லைத் தேடவும், வரியை மடக்கி எழுத்தைப் பெரிதாக்கவும், படிக்கக் கேட்கவும் இயலாது. தட்டச்சிட்டோ பொறியின் உதவியால் எழுத்தாக மாற்றியோ பிழைதிருத்தி வைத்த நூலே எம் தோழர்க்குப் பயன்படும்.

5. அச்சு நூலின் சிறப்புக்கள்

இனி அச்சு நூலின் பக்கம் நின்று ஆராய்வாம். ஒரு செய்தி நூலின் முற்பகுதியில் இடப்பக்கத்துக் கீழ்மூலையில் இருந்தது என நினைவுகூர்ந்து அதனைத் தேடியெடுத்த பழக்கம் நம்மிற் பலர்க்கும் உண்டு. இடக்கையிற் படித்த பக்கங்களின் கனமும் வலக்கையிற் படியாத பக்கங்களின் கனமும் நாம் நிற்கும் இடத்தை ஓயாது அறிவிக்கின்றன. கருவியிலோ எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்.

இவ்வுணர்ச்சி வெறும் பழக்கத்தால் வந்ததோ, உண்மையிற் பயன் தருவதோ என அறிஞர் சோதித்துள்ளனர். 2013-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆனி மாங்கன் என்பாரும் உடனாய்ந்தோரும், பத்தாம் வகுப்பு மாணாக்கர் 72 பேரை இருகூறாக்கி, ஒருசாரார்க்குத் தாளிலும் மற்றொரு சாரார்க்குக் கணிப்பொறித் திரையிலும் ஒரே பாடங்களை யளித்தனர். தாளிற் படித்தோரே பொருளை நன்கு உணர்ந்திருந்தனர். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பேராய்வு, 2000 முதல் 2017 வரை நிகழ்ந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிற்று; அவற்றிற் பங்குகொண்டோர் 1,71,055 பேர். அதன் முடிபு மூன்று: செய்திகளை உணர்த்தும் பாடங்களில் தாள் மேம்பட்டது, குறித்த காலத்துள் விரைந்து படிக்குமிடத்து அம்மேம்பாடு மிகுந்தது, கதைகளைப் படிக்குமிடத்து வேறுபாடு காணப்படவில்லை.

"இவை யாவும் ஒளியுமிழ் திரையைப் பற்றியன போலும், மின்மைத் திரைக்கு இவை பொருந்துமோ?" எனின், அதற்கும் விடையுண்டு. 2019-ஆம் ஆண்டில் மாங்கன் குழுவினர் 50 பேர்க்கு ஒரு நீண்ட துப்பறியுங் கதையை யளித்து, பாதிப்பேரைக் கிண்டிலிலும் பாதிப்பேரைத் தாளிலும் படிக்கச் செய்தனர். பெரும்பாலான வினாக்களில் இருதிறத்தாரும் ஒத்தே நின்றனர். ஆயின், எந்நிகழ்ச்சிக்குப் பின் எந்நிகழ்ச்சி நேர்ந்தது என்னும் முறையைச் சொல்லுதலில் தாளிற் படித்தோர் மேம்பட்டனர். பக்கங்களின் கனம் காலவொழுங்கை நினைவுறுத்துதற்கு ஒருவாறு துணை செய்தது போலும்.

இவ்வாய்வுகளைக் கொண்டு திரையிற் படிப்போர் ஒன்றும் அறியார் என முடிவு கட்டுதல் தவறு. கண்ட வேறுபாடு சராசரியிற் கண்டது; அதுவும் பெரிதன்று. ஊன்றிப் படிப்பவர் எதிற் படிப்பினும் உணர்வர். உள்ளம் அலைபவர் தாளை வைத்துக்கொண்டும் உறங்குவர்.

உறக்கம் என்றமையால் மற்றோர் ஆய்வையுங் கூறுதும். 2014-ஆம் ஆண்டு இறுதியில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 பேர் உறங்குமுன் நாலு மணிநேரம் ஒளியுமிழ் டேப்லெட்டில் ஐந்து இரவும், அச்சு நூலில் ஐந்து இரவும் படித்தனர். டேப்லெட்டிற் படித்த இரவுகளில் அவர்க்கு உறக்கம் வரக் காலந் தாழ்த்தது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பும் குறைந்தது. சோதிக்கப்பட்டோர் சிலரே யாயினும், தேர்வுக் காலத்தில் நள்ளிரவு வரை கைத்தொலைபேசியிற் படிப்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

6. உடைமையா, உரிமமா?

அச்சு நூலை விலைகொடுத்து வாங்கினார் அதனைத் தம்பிக்குத் தரலாம். நண்பர்க்கு இரவல் தரலாம். பழைய புத்தகக் கடையில் விற்று வேறொன்று வாங்கலாம். நம் கல்லூரியிற் பாடநூல்கள் பல, ஐந்தாறு பேர் கையொப்பம் முதற்பக்கத்திற் பெற்று வழிவழி வருகின்றன. வாங்க வகையில்லாத மாணாக்கர்க்கு அவ்வழக்கமே கல்வி.

விற்பனை நிறுவனங்களின் வழியாக வாங்கும் மின்னூலோ பெரும்பாலும் உடைமை யன்று. படித்தற்குப் பெறும் உரிமமே. இதன் விளைவு 2009-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வெளிப்பட்டது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' என்னும் நூல்களின் ஒரு பதிப்பை விற்றவர்க்கு அதற்கு உரிமை இல்லாமையின், அமெசான் நிறுவனம் அவற்றை வாங்கினோர் கருவிகளினின்றும் தொலைவிலிருந்தே நீக்கிற்று. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் வேண்டினார். ஆயினும், பள்ளிப் பாடத்திற்காக நூலில் ஒரு மாணாக்கர் எழுதிவந்த குறிப்புக்கள் அந்நூல் மறைந்தமையாற் பயனற்றுப் போயின. 2019-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபொழுதும் வாங்கியோர் நூல்கள் மறைந்தன. அங்கும் திரும்பியது பணமே.

எம் துன்பம் ஒன்றும் இவ்வினத்தைச் சார்ந்தது. ஈராண்டு படித்த நூல்களின்மேல் யாம் ஒரு கருவியில் எழுதிய குறிப்புக்கள், அக்கருவி ஒருநாள் கைதவறி வீழ்ந்த அளவில் அழிந்தன. வேறிடத்துப் படியெடுத்து வையாதது எம் பிழையே. அதே அலமாரியில், எந்தை மாணாக்கராயிருந்தபொழுது பென்சிலால் ஓரங்களில் எழுதிய உரைநடை நூல் இன்றும் உளது.

7. நெடுங்காலம் நிற்பது எது?

அச்சு நூலே அழியாதது என இதனால் மகிழ்ந்து நிற்றலும் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாகச் செய்யப்பட்ட தாள்களிற் பல புளிப்புத்தன்மை யுடையன. அவை பழுத்து, தொட்ட அளவில் உதிர்கின்றன. நம் கல்லூரி மலரின் பழைய தொகுதிகளைப் புரட்டினோர் அதனை விரல்நுனியில் உணர்ந்திருப்பர். தீயும் தாளை விடுவதன்று. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடி எரிந்தபின் அதனை எவ்விலை கொடுத்தும் பெறல் இயலாது. 2005-ஆம் ஆண்டிற் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூல்நிலையம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவர்க்கும் எட்டச் செய்துவருகின்றது. ஒரு நூலின் படிகள் பல இடங்களில் இருப்பின் ஒரு தீ அதனை முற்றும் அழிக்க மாட்டாது.

மின்படிக்கும் தனக்கே யுரிய சாக்காடு உண்டு. இங்கிலாந்து நாட்டில் 1086-ஆம் ஆண்டிற் தோலில் எழுதிய 'டூம்ஸ்டே' என்னும் நிலக்கணக்கு ஏட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனத்தார் நாட்டு நிலையை யெல்லாம் தொகுத்துத் தட்டுக்களிற் பதிந்தனர். இருபது ஆண்டு நிரம்புமுன்னரே அத்தட்டுக்களைப் படிக்கும் பொறி கிடைத்தற்கு அரிதாயிற்று. ஆராய்ச்சியாளர் பெரிதும் முயன்றே அவற்றை மீட்டனர். தமிழிலும் இந்நிலை நேர்ந்தது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடந்தந்திருந்தும், அது பரவுமுன் எழுத்துரு தோறும் வெவ்வேறு குறியீட்டில் தட்டச்சிட்ட கோப்புக்கள், மாற்றித் தரும் நிரல் இன்றித் திறப்பின், இன்று பொருளற்ற கோடுகளாகவே தோன்றுகின்றன.

ஓலை, தாள், மின் ஆகிய மூன்றற்கும் பொதுவான நெறி ஒன்றே: நூலைக் காப்பது அதன் உடம்பன்று, காலம் நேர்ந்தபொழுது அதனைப் பெயர்த்தெழுதும் மனிதரே.

8. மாணாக்கர் கொள்ளத்தக்கன

இதுகாறும் கூறியவற்றால் மாணாக்கர் கைக்கொள்ளத் தக்கனவாக யாம் தெளிந்தவை வருமாறு:

(1) தேர்விற்குரிய பாடநூலையும், வாதங்களைத் தொடர்ந்து ஆராய வேண்டிய நூலையும் தாளிற் படிக்க.

(2) சொல் தேடுதற்கும், அகராதி நோக்குதற்கும், கிடைத்தற்கரிய நூலைக் காண்டற்கும் கருவியைக் கொள்க. கதையை எதிற் படிப்பினும் குற்றமில்லை.

(3) கைத்தொலைபேசியிற் படிக்க நேரின் செய்திகளின் அறிவிப்பை நிறுத்திவிட்டுப் படிக்க. உறங்கும் நேரத்தில் அதனை விலக்குக.

(4) எதிற் படிப்பினும் குறிப்பைக் கையாற் குறிப்பேட்டில் எழுதுக. கருவியில் எழுதின் இரண்டிடத்துப் படி வைக்க.

(5) உரிமை கடந்த நூல்களை மதுரைத் திட்டம் முதலியவற்றினின்றும் பெறுக. ஓய்வுள்ளவர் பிழைதிருத்தும் பணியிற் பங்குகொள்க.

நூல்நிலையத்தைப் பற்றிய வினாவிற்கும் இவற்றினின்றே விடை பிறக்கின்றது. தொகையின் பெரும்பகுதி பாடநூற் படிகளுக்கே செல்லுதல் வேண்டும்; அவை வாங்க இயலாதவர் கையில் ஆண்டுதோறும் மாறி மாறிச் செல்வன. ஆயினும் இரண்டு கருவிகளேனும் வாங்குதல் கடமை. அவை கண்பார்வை குன்றிய தோழர்க்கே முதலுரிமை யாகுக. அன்று கூட்டத்தில் யாம் கருவி வேண்டா என்னும் கட்சியிற் பேசியவர். எம் தோழர் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து யாம் பேசியதைக் கேட்டிருந்தார், மறுத்தொன்றும் கூறவில்லை. இக்கட்டுரை அவர்க்கு யாம் இறுக்க வேண்டிய கடன் எனக் கொள்க.

அச்சு வந்தபொழுது ஏட்டை இகழ்ந்தோரும் பிழைத்தனர். ஏட்டிற் கிடந்தவற்றை அச்சிற்குப் பெயர்க்காது விட்டோரும் பிழைத்தனர். ஏட்டைப் போற்றி அச்சையும் பயன்கொண்டோராலன்றோ நாம் இன்று சங்க நூல்களைக் கற்கின்றோம்? அவர் நெறியே நமக்கும் நெறியாகுக.